விண்ணில் உயிர் தேடிய பொன்னம்பெருமா

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல்லை நோக்கிப் பரந்து கிடக்கும் சமவெளி மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் பூமி. ஆங்காங்கே தலைநீட்டும் குன்றுகளையும் கரடுகளையும் நீக்கிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் மேட்டுக்காடுமே தோன்றும். இவ்வெளியில், சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்களின் அருகே, வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த ஒருவகைப் பாறை நிலத்துக்கு மேலே தலைகாட்டுகின்றது. வழிப்போக்கர்க்கு அது வெறுங்கல். நிலவியல் அறிஞர்க்கோ அது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமை வாய்ந்த அனார்த்தசைட்டு என்னும் அரும்பாறை. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியாது சேலத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டில், ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் நிலவியலார் இப்பாறைத் தொகுதியை விரிவாக ஆராய்ந்து எழுதி உலகறியச் செய்தார்.

நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் இவ்வினப் பாறையால் ஆனவை. ஆதலின், நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் நிலவில் இறங்கும் கலத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு நிலவு மண்ணை ஒத்த மண் வேண்டுமென்று தேடியபொழுது, அதற்கேற்ற கல் இந்தச் சமவெளியிலேயே கிடைத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். கல் பொடியாக்கப்பட்டுப் பெங்களூருக்குச் சென்றது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான் மூன்றின் கலம் நிலவின் தென்முனைப் பக்கத்தில் இறங்கிற்று. அதற்கு முன் பெங்களூரில் நடந்த ஒத்திகைகளுக்கு உதவியது நாமக்கல் மண்.

நிலவு மண்ணைப் போன்ற மண் நமக்கு அருகிலேயே உண்டு. நிலவின் மண்ணே கைக்கு வந்தால் அதில் எதைத் தேடுவது? 1969-ஆம் ஆண்டில், அம்மண்ணில் உயிரின் சுவடு உண்டா என்று ஆராயும் பொறுப்பு உலகில் மிகச் சிலருக்கே அளிக்கப்பட்டது. அச்சிலருள் ஒருவர் இலங்கையில் பிறந்து, நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். சிரில் பொன்னம்பெருமா என்பது அவர் பெயர்.

பொன்னம்பெருமா 1923 அக்டோபர் 16-ஆம் நாள் இலங்கையின் தென்கோடியில், கடலை ஒட்டியுள்ள காலி நகரத்தில் தோன்றினார். தொடக்கக் கல்வியைக் காலியில் புனித அலோசியசு கல்லூரியிலும், உயர்நிலைக் கல்வியைக் கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து தமிழகம் வந்து, 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் சேலத்துக் கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தின்கீழ்தான் இயங்கிற்று. அவர் பட்டம் பெற்ற பாடம் வேதியியல் அன்று, தத்துவம்.

தத்துவம் பயின்றவர் சோதனைக் குழாயை ஏந்தியது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் உயிர் என்பது யாது, அது எங்கிருந்து வந்தது என்னும் வினா தத்துவ நூலாரின் பழைய வினாவே. பொன்னம்பெருமா அவ்வினாவைக் கைவிடவில்லை. அதற்கு விடை தேடும் கருவியைத்தான் மாற்றிக்கொண்டார். அவர் இங்கிலாந்து சென்று, இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பர்க்பெக் கல்லூரியில் சேர்ந்தார். அது பகலெல்லாம் உழைப்போர் மாலையில் வந்து கற்பதற்கென்று ஏற்பட்ட கல்லூரி. வேதியியலில் பி.எஸ்ஸி. பட்டத்தை அவர் பெற்றது 1959-இல். அப்பொழுது அவர் வயது முப்பத்தைந்து. பலர் தம் கல்வியை முடித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும் வயதில் அவர் புதிய நூலின் முதற்படியில் ஏறி நின்றார்.

பர்க்பெக்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜே. டி. பெர்னல். படிகங்களின் உள்ளமைப்பை எக்சு கதிர்களால் ஆராய்வதில் வல்லவராகிய பெர்னல், உயிரின் தோற்றத்தையும் எண்ணிப் பார்த்தவர். ஆதியில் களிமண்ணின்மேல் சிறு மூலக்கூறுகள் ஒட்டி நின்று, ஒன்றோடொன்று கூடிப் பெரியனவாக வளர்ந்திருக்கக்கூடும் என்று அவர் கருதினார். அவருக்கு முன்னரே, 1924-இல் உருசிய நாட்டு ஒப்பாரினும், 1929-இல் ஆங்கில நாட்டு ஹால்டேனும், உயிரற்ற எளிய பொருள்களிலிருந்து படிப்படியாக உயிர் உண்டாகியிருக்கலாம் என்று எழுதியிருந்தனர். 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்னும் இளைஞர், தம் ஆசிரியர் யூரேயின் வழிகாட்டலில், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களை நீராவியோடு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, அதனூடே மின்பொறியைப் பாய்ச்சினார். சில நாள்களில் நீர் நிறம் மாறிற்று. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. நம் உடலின் தசையும் நகமும் மயிரும் ஆகிய புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் கோத்த மாலைகளே. மின்னலும் காற்றும் நீரும் அம்மணிகளைச் செய்யவல்லன என்பது அன்று புலனாயிற்று. பொன்னம்பெருமா வேதியியலுக்குள் புகுந்த காலம் இத்தகையது.

இலண்டனிலிருந்து அவர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் கால்வினிடம் மாணவரானார். இலைகள் கரியமில வாயுவை உணவாக்கும் வழியைக் கண்டறிந்து 1961-இல் நோபல் பரிசு பெற்றவர் கால்வின். அங்கே மீத்தேன், அம்மோனியா, நீர் முதலியவற்றின் கலவைமீது வேகமிக்க மின்னணுக் கற்றை செலுத்தப்பட்டது. மீத்தேனிலுள்ள கரிமத்துக்குக் கதிரியக்க அடையாளம் இட்டிருந்தனர். ஆகவே புதிதாக உண்டாகும் எப்பொருளிலும் அக்கரிமம் எங்கே சென்று சேர்ந்தது என்று பின்தொடர்ந்து காண முடிந்தது. அவ்வாறு கண்டபொழுது அடினின் என்னும் பொருள் அகப்பட்டது. பெற்றோர் இயல்பைப் பிள்ளைகட்குக் கொண்டுசெல்லும் மரபுப் பொருளின் எழுத்துகளுள் அடினின் ஒன்று. ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சின் மூலக்கூறுகள் ஐந்து ஒன்றுசேர்ந்தால் அடினின் என்னும் கணக்கு வரும். உயிரைக் கொல்லும் நஞ்சே உயிரின் எழுத்துக்கு மூலமாகும் விந்தையை வேதியியல் இவ்வாறு காட்டுகின்றது. பொன்னம்பெருமா 1962-இல் டாக்டர் பட்டம் எய்தினார்.

அதே ஆண்டில் அவர் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். பூமிக்கு அப்பால் உயிர் உண்டா என்று ஆராய அங்கே புதிய பிரிவு ஒன்று தோன்றியிருந்தது. அதில் வேதியியல் பரிணாமத்தை ஆராயும் கிளைக்குப் பொன்னம்பெருமா தலைவரானார். 1963-இல், கார்ல் சேகனும் ரூத் மரினரும் அவரும் சேர்ந்து, ஆதிப் பூமியை ஒத்த சூழலில், உயிரணுக்கள் ஆற்றலைச் சேமித்து வைக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியதை வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் புளோரிடாவில் உயிரின் தோற்றம்பற்றிய மாநாடு ஒன்று கூடிற்று. ஒப்பாரினும் ஹால்டேனும் தம் வாழ்வில் முதன்முறையாக நேரிற் சந்தித்தது அங்கேதான். ஹால்டேன் அப்பொழுது இங்கிலாந்தை விட்டு நீங்கி, இந்தியக் குடிமகனாகி, ஒரிசாவில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவ்விருவர் முன்னிலையில் ஆய்வுரை அளித்த இளையோருள் பொன்னம்பெருமாவும் ஒருவர்.

இனி, விண்ணில் உயிரைத் தேடுவதற்கு வேதியியல் எவ்வாறு உதவும் என்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். தொலைநோக்கியில் தெரியும் உலகங்களில் மரமும் மாடும் நிற்பதை எதிர்பார்க்க இயலாது. உயிர் இருந்தாலும் அது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிராக இருக்கலாம். என்றோ இருந்து அழிந்தும் போயிருக்கலாம். ஆயினும் உயிர் தான் வாழ்ந்த இடத்தில் சிறு மூலக்கூறுகளை விட்டுச் செல்கின்றது. அடுப்பு அணைந்த பின்னும் சாம்பலைக் கண்டு சமையல் நடந்ததை அறிகின்றோம் அல்லவா? அதுபோல, அமினோ அமிலங்களையும் கொழுப்புப் பொருள்களையும் கண்டு உயிர் இருந்ததை உய்த்துணரலாம்.

ஆனால் இங்கே பெரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. மில்லரின் கலத்தில் உயிரேதும் இல்லை. அமினோ அமிலம் மட்டும் இருந்தது. உயிர் இல்லாமலே அது உண்டாகுமாயின், விண்ணிலிருந்து வந்த கல்லில் அதனைக் கண்டவுடன் உயிரைக் கண்டோம் என்று எங்ஙனம் கூறுவது? உயிர் செய்த பொருளையும் உயிரின்றித் தானே விளைந்த பொருளையும் வேறு பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளத்தை இயற்கையே அளித்திருக்கின்றது.

சங்கில் இடம்புரியும் உண்டு, வலம்புரியும் உண்டு. இரண்டுக்கும் ஓடு ஒன்றே, வடிவும் ஒன்றே. சுழி மட்டும் எதிரெதிர். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழல் போன்றது. கடலில் எடுக்கும் சங்குகளெல்லாம் பெரும்பாலும் இடம்புரியே. வலம்புரி கிடைப்பது மிக அரிது. அமினோ அமில மூலக்கூறுகளும் இவ்வாறே இரு சுழியாக அமைகின்றன. ஆய்வுக்கூடத்தில் மின்பொறியால் உண்டாக்கினால் இடமும் வலமும் பாதிக்குப் பாதியாகத் தோன்றும். உயிரினங்களின் புரதங்களிலோ இடம்புரி அமினோ அமிலங்களே உள்ளன. புல்லும் புழுவும் யானையும் மனிதனும் இவ்விதிக்கு உட்பட்டவை. ஆதலின், ஒரு கல்லில் அமினோ அமிலம் கிடைத்தால், அது ஒருபக்கச் சுழியாக மிகுந்திருக்கின்றதா, இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் இடர்ப்பாடு இன்னும் அருகில் உள்ளது. அது ஆய்வாளரின் கைவிரல். நம் விரல் பட்ட இடத்தில் வியர்வை ஒட்டும். அவ்வியர்வையில் அமினோ அமிலங்கள் உண்டு. அருங்காட்சியகங்களில் பல்லாண்டுகளாகப் பலர் கையில் எடுத்துப் பார்த்த விண்கற்களில் கண்ட அமினோ அமிலங்கள் சில, பார்த்தவர்களின் விரல்ரேகைகளே என்று 1965-இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். பல ஆண்டுகளாக எழுந்த பெருமுழக்கங்கள் அத்தோடு அடங்கின. விண்ணைத் தேடியவர் தம் கையையே கண்டனர் எனலாம்.

ஆகவே ஏம்ஸில், தூசியும் புகாத தூய ஆய்வறை அமைக்கப்பட்டது. பொருள்களைப் பிரித்தறிய வாயுப் பகுப்புக் கருவி பயன்பட்டது. அது இயங்கும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவில் மக்கள் கூட்டமாகக் கடைவீதிக்குள் நுழைகின்றனர். கடைகளைப் பாராமல் நடப்பவர் விரைவில் மறுமுனைக்கு வந்துவிடுவர். ஒவ்வொரு கடையிலும் நின்று நின்று செல்பவர் பிந்தி வருவர். கூட்டமாகப் புகுந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிரிந்து வெளிவருகின்றனர். கருவியில் உள்ள நீண்ட மெல்லிய குழாயே கடைவீதி. அதன் உட்புறத்தில் பூசியுள்ள பொருளோடு மிகுதியாக ஒட்டி உறவாடும் மூலக்கூறு பிந்தியும், ஒட்டாத மூலக்கூறு முந்தியும் வெளிப்படும். இடம்புரியையும் வலம்புரியையும்கூட, தக்க துணைப்பொருளோடு இணைத்துச் செலுத்தினால், இவ்வாறு பிரித்துவிடலாம். பின்னர் ஒவ்வொன்றையும் வேறொரு கருவியால் துண்டாக்கி, துண்டுகளின் நிறையைக்கொண்டு இன்னதென அறிவர்.

1969 ஜூலையில் அப்போலோ 11 கலத்தில் சென்ற வீரர்கள் நிலவிலிருந்து ஏறத்தாழ 22 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொணர்ந்தனர். அம்மண்ணில் ஒரு சிறு பங்கு பொன்னம்பெருமாவின் குழுவிடம் வந்தது. கரும்பொடியாகிய அம்மண்ணின் இடையே வெண்ணிறத் துணுக்குகள் சில கலந்திருந்தன. அவை சித்தம்பூண்டிக் கல்லின் இனத்தைச் சார்ந்த அனார்த்தசைட்டே. அத்துணுக்குகளைக் கொண்டுதான் நிலவின் மேட்டுநிலம் எப்பாறையால் ஆனது என்பதை நிலவியலார் முதலில் உணர்ந்தனர்.

பொன்னம்பெருமா தேடியது கல்லை அன்று, கரிமத்தை. ஒரு கிலோகிராம் மண்ணில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் அளவே கரிமம் இருந்தது. மீத்தேன் போன்ற எளிய வாயுக்கள் சிறிது வெளிப்பட்டன. அமினோ அமிலம் எதுவும் தென்படவில்லை. உயிர்ப்பொருள்களின் நிறமிகளை ஒத்த ஒருவகைப் பொருள் மட்டும் மிக நுண்ணிய அளவில் புலப்பட்டது. உலகம் செவிசாய்த்துக் காத்திருந்த வேளை அது. நிலவில் உயிரின் சாயல் என்று அறிவித்திருந்தால் மறுநாள் உலகத்துச் செய்தித்தாள்கள் எல்லாம் அவர் பெயரைத் தாங்கி வந்திருக்கும். அக்குழுவினரோ, கலம் இறங்கும்பொழுது எரிந்த எரிபொருளின் புகையில் அப்பொருள் உண்டாகுமா என்று முதலில் சோதித்தனர். எரிபொருட்புகையிலும் அதனை ஒத்த பொருள் இருந்தது. ஆகவே அது மனிதன் கொண்டுபோய்ச் சேர்த்த புகையாகவே இருக்கலாம் என்று 1970-இல் வெளியிட்டனர். நிலவில் உயிரின் சுவடு இல்லை என்பதே அவர்கள் ஆய்வின் முடிவு.

நிலவு வரை சென்று கிடைக்காதது, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் தானே பூமிக்கு வந்து விழுந்தது. 1969 செப்டம்பர் 28-ஆம் நாள் காலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்னும் சிற்றூரின் வானத்தில் ஒரு தீக்கோளம் தோன்றி, பேரொலியுடன் வெடித்துச் சிதறிற்று. கரிய கற்கள் வயல்களிலும் வீட்டோரங்களிலும் வந்து விழுந்தன. அவற்றிலிருந்து எரிசாராயம் போன்ற வாடை வீசியதாக ஊரார் கூறினர். பொறுக்கிச் சேர்த்த கற்களின் எடை 100 கிலோகிராமுக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகட்கு முன், கதிரவன் குடும்பம் உருவான காலத்திலேயே தோன்றிய கற்கள் அவை.

காலம் பார்த்து வந்த விருந்து என்றே இதனைக் கூறல் வேண்டும். நிலவு மண்ணுக்கென்று அமைத்த தூய அறையும் கருவிகளும் பழகிய கைகளும் ஆயத்தமாக இருந்த வேளையில், விரல்ரேகை அதிகம் படியாத புதிய விண்கல் கிடைத்தது. விரிசல் குறைந்த துண்டுகளைத் தெரிந்தெடுத்து, மேற்பரப்பை நீக்கி, உட்பகுதியைப் பொடித்து, கொதிநீரில் இட்டு வடித்தனர். வடித்த நீரைப் பகுப்புக் கருவியில் செலுத்தினர். கிளைசின், அலனின், குளூட்டாமிக் அமிலம், வேலின், புரோலின் என்னும் ஐந்து அமினோ அமிலங்கள் வெளிப்பட்டன. இவை உயிரினங்களின் புரதத்தில் உள்ளவை. இவற்றோடு சார்க்கோசினும் வேறொன்றும் வந்தன. அவ்விரண்டும் புரதத்தில் இடம்பெறாதவை. விரல்ரேகையிலிருந்து வந்திருந்தால் இவை ஏன் வரவேண்டும்?

அடுத்துச் சுழி பார்த்தனர். இடம்புரியும் வலம்புரியும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.

அச்சமநிலை இரண்டு செய்திகளை ஒருங்கே உரைத்தது. பூமியில் எவரேனும் தொட்டோ, மண்ணிலுள்ள நுண்ணுயிர் புகுந்தோ இவை வந்திருந்தால் இடம்புரியே மிகுந்திருக்கும். ஆகவே இவை விண்ணிலிருந்தே வந்தவை. விண்ணில் உயிர் செய்த பொருளாயினும் ஒரு சுழியே மிகுந்திருக்கக்கூடும். ஆகவே இவை உயிர் செய்தவை அல்ல. உயிரற்ற விண்வெளியில், வெறும் வேதியியலால் விளைந்தவை. கீத் குவென்வோல்டனை முதல் ஆசிரியராகவும் பொன்னம்பெருமாவை உடனாசிரியருள் ஒருவராகவும் கொண்ட கட்டுரை 1970 டிசம்பரில் வெளிவந்தது. பூமிக்கு அப்பால் அமினோ அமிலம் உண்டாகின்றது என்பதற்கு ஐயமற்ற முதற்சான்று அதுவே என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். அதே கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் பிற்காலத்தில் கண்டறியப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் இடம்புரி சிறிதளவு மிகுந்திருப்பதும் 1997-இல் தெரியவந்தது. அதன் காரணம் இன்றும் ஆராயப்பட்டு வருகின்றது.

1971-இல் பொன்னம்பெருமா மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராகி, வேதியியல் பரிணாம ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அதன் பின்னரும் நாசாவின் வைக்கிங், வாயேஜர் முயற்சிகளோடு அவருக்குத் தொடர்பு நீடித்தது.

1976-இல் வைக்கிங் கலங்கள் இரண்டு செவ்வாயில் இறங்கின. (சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்கும் இச்செவ்வாய்க்கும் உறவு கிழமையின் பெயரால் வந்ததே.) செவ்வாய் மண்ணில், அடையாளமிட்ட கரிமம் கலந்த உணவு நீரைச் சொட்டவிட்டனர். உயிர் இருந்தால் அது உண்டு, வாயுவை வெளிவிடும் என்பது கணக்கு. வாயு உடனே வெளிவந்தது! ஆயினும் அதே கலத்தின் வேறொரு கருவி, மண்ணில் கரிமப் பொருள் இருப்பதாகக் காட்டவில்லை. உண்பவன் உடலே இல்லாமல் உணவு மட்டும் உண்ணப்பட்டது எங்ஙனம்?

பொன்னம்பெருமாவும் அவர் குழுவினரும் தம் ஆய்வுக்கூடத்தில் செவ்வாய் மண்ணுக்கு நிகரான இரும்புக் கலவையையும், உயிர்வளி மிகுந்த பெராக்சைடு போன்ற பொருள்களையும் கொண்டு அச்சோதனையைத் திரும்பச் செய்தனர். உயிர் ஒன்றும் இல்லாத அக்கலவையிலிருந்தும் வாயு வெளிவந்தது. 1977-இல் அதனை வெளியிட்டனர். அச்சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின், தாம் கண்டது உயிரே என்னும் கருத்தை 2021-இல் மறையும் வரை விடவில்லை. அறிஞருள் பெரும்பாலோர் வேதியியல் விளக்கத்தையே ஏற்றனர். 2008-இல் பீனிக்சு என்னும் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டு உப்பு இருப்பதைக் கண்டது. அவ்வுப்பைக் கரிமப் பொருளோடு சேர்த்துச் சூடேற்றினால் கரிமப் பொருள் சிதைந்துபோகும். ஆகவே வைக்கிங் கருவி கரிமத்தைக் காணத் தவறியிருக்கவும் கூடும். அவ்வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை.

செவ்வாயைப்பற்றிப் பேசும்பொழுது நம் சமவெளியின் வேறொரு கல்லையும் நினைத்தல் தகும். சேர்வராயன் மலையடிவாரத்தில் சேலத்துக்கருகே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மாக்னசைட்டு எனப்படும். மக்னீசியம் மிகுந்த கரும்பச்சைப் பாறையில் நீரும் கரியமில வாயுவும் ஊறிப் புகுந்து வினைபுரிந்தமையால் அது உண்டாயிற்று. செவ்வாயைச் சுற்றும் கலங்கள் அங்கும் மாக்னசைட்டு இருப்பதைக் கண்டன. 2021-இல் பெர்சிவரன்சு ஊர்தி இறங்கிய ஜெசரோ பள்ளத்திலும் அவ்வகைக் கல் உண்டு. நீர் ஊறிய பாறையில் ஹைட்ரஜனும் மீத்தேனும் உயிரின்றியே தோன்றக்கூடும் என்பதை நிலவியலார் அறிவர். ஆதலின் செவ்வாயில் மீத்தேன் கண்டால் அது நுண்ணுயிரின் மூச்சா, பாறையின் மூச்சா என்று கேட்க வேண்டியிருக்கின்றது. பொன்னம்பெருமா தம் வாழ்நாளெல்லாம் கேட்ட வினாவும் இதுவே.

1983-இல், மரபுப் பொருளின் எழுத்துகளாகிய ஐந்து மூலப்பொருள்களும் மர்ச்சிசன் கல்லில் உள்ளன என்று அவர் அறிவித்தார். அன்று அது முற்றும் நிலைபெறவில்லை. 2022-இல் ஜப்பானிய அறிஞர் தலைமையிலான குழு, மேலும் நுண்ணிய கருவிகளைக் கொண்டு, ஐந்தும் விண்கற்களில் இருப்பதைக் காட்டிற்று.

புகழ் பெற்ற பின் பொன்னம்பெருமா பிறந்த நாட்டை மறந்தாரல்லர். 1984-இல் இலங்கைக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசகராகவும், அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். கண்டி நகரில் மலைச்சாரலில் அந்நிறுவனம் வளர்ந்தது. ஆர்தர் கிளார்க்கின் பெயரால் அமைந்த தொழில்நுட்ப நிலையத்துக்கும் அவர் இயக்குநராக இருந்தார். இலங்கை உள்நாட்டுப் போரால் துன்புற்றிருந்த காலம் அது. அந்நாளில் அடிப்படை ஆய்வுக்கென்று ஓர் இல்லத்தைக் கட்டிக்காத்தது எளிய செயலன்று. உயிரின் தோற்றத்தை ஆராயும் உலகக் கழகம் 1980-இல் அவருக்கு ஒப்பாரின் பெயரால் அமைந்த பதக்கத்தை அளித்துப் பெருமை செய்தது. இத்தாலியில் திரியெஸ்டு நகரில், வளரும் நாடுகளின் அறிஞர்க்கென்று அப்துஸ் சலாம் நிறுவிய ஆய்வு மையத்தில், வேதியியல் பரிணாமம்பற்றிய மாநாடுகளை 1992 முதல் கூட்டி நடத்தினார்.

1994 டிசம்பர் 20-ஆம் நாள், எழுபத்தோராம் வயதில், பொன்னம்பெருமா அமெரிக்காவில் காலமானார். பூமிக்கு அப்பால் உயிர் உண்டு என்று அறுதியிட்டுக் கூறும் சான்று அவர் கைக்கு வரவில்லை. நிலவு மண்ணிலும் மர்ச்சிசன் கல்லிலும் செவ்வாயின் வாயுவிலும், உயிர் என்று கூறிவிடத் தூண்டும் வாய்ப்பு மும்முறை எதிர்ப்பட்டது. மும்முறையும் அவர் உயிரின்றி இது விளையுமா என்று முதலிற் சோதித்தார். மும்முறையும் விளையும் என்றே கண்டார்.

அவர் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், பென்னு என்னும் குறுங்கோளிலிருந்து ஏறத்தாழ 121 கிராம் பொடியை நாசாவின் கலம் ஒன்று கொணர்ந்தது. மனிதர் கைபடாமல், பேழையில் அது வந்து சேர்ந்தது. 2025 ஜனவரியில் ஆய்வின் முடிவுகள் வெளியாயின. புரதங்களில் உள்ள இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கும், மரபுப் பொருளின் ஐந்து எழுத்துகளும் அப்பொடியில் இருந்தன. அமினோ அமிலங்களின் சுழியைப் பார்த்தனர். இடம்புரியும் வலம்புரியும் ஏறத்தாழச் சமம். பூமியிலுள்ள உயிர்கள் மட்டும் இடம்புரியை ஏன் தெரிந்துகொண்டன என்பதற்கு அதில் விடை கிடைக்கவில்லை. வந்த பொடியின் பெரும்பகுதி, இன்று பள்ளியில் பயில்வோர் வளர்ந்து புதிய கருவிகளோடு வந்து ஆராய்வதற்கென்று, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடாமல் வைக்கப்பட்டிருக்கின்றது.